தலைகீழாய் நட்ட கண்டல்

களுவாஞ்சிக்குடி பஸ் காத்தான்குடியில் ஆள் ஏற்ற நின்றபோது, முன் இருக்கையில் இருந்த இரண்டு பெண்பிள்ளைகளின் பேச்சு காதில் விழுந்தது.

“நான் நட்டது எல்லாம் தலைகீழ், புள்ள.”

“என்னத்த நட்டாய்?”

“போன மாசம் வெளிநாட்டுப் பிள்ளைகளும் இருக்கிற ஒரு குழுவோட கேரளாவுக்குப் போனன்தானே? ஊர் சுத்திக் காட்டிப்போட்டு, ஒருநாள் உப்புத்தண்ணிக் கரையில கண்டல் மரம் நட விட்டாங்க. முருங்கைக்காய் மாதிரி நீட்டுக் காய், அதச் சேத்துக்குள்ள குத்தவேணும். நான் கூர்ப்பக்கத்த மேல வச்சுக் குத்திப்போட்டன்.”

“வாவிக்கரையில பிறந்து வளந்துபோட்டு?”

“அதுதான் வினையே. அவங்க விளங்கப்படுத்தக்குள்ள, இது எங்கட ஊர்ச் சாமான், எனக்குத் தெரியுமெண்டு நான் போட்டோ எடுத்துக்கொண்டு நிண்டன். கடைசியில ஒரு ஜேர்மன்காரப் பிள்ளைதான் எல்லாத்தையும் புடுங்கித் திருப்பி நடக் காட்டித் தந்தாள்.”

நான் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“சரி விடு புள்ள, இஞ்ச ஆருக்குத் தெரியப்போகுது?”

“அடுத்த மாசம் அந்தக் குழுப் பிள்ளைகள் எல்லாம் நம்மட வாவியில நட வருதுகள். எப்படி நடுறதெண்டு பழக்கிக் குடுக்க என்னைத்தான் போட்டிருக்காங்க. வாவிக்கரைப் பிள்ளையாம்.”