கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கொடுத்தவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமை நூலகர் அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் வாசகர் வட்டப் பெரியோர்களே! முன்வரிசையில் இருக்கும் அம்மையாரின் தம்பி அவர்களே! வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்திருக்கும் பெற்றோர்களே, உடன் பணியாற்றும் நண்பர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னது நான்தான். பின்வரிசைக்குக் கேட்காவிட்டால் மன்னியுங்கள். நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள், சத்தமில்லாமல். இந்த அறைக்கு நேர் மேலே சிறுவர் பகுதி. அங்கே இப்போது ஒரு சிறுமி தன் அம்மாவோடு உட்கார்ந்திருக்கிறாள். நாம் யாருக்காகக் கூடியிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அதனால்தான் இவ்வளவு மெதுவாகப் பேசுகிறேன்.

நம் சிறுவர் பகுதிப் பொறுப்பாளர், பிள்ளைகள் எல்லாம் 'கடைசிப் பக்கத்தம்மா' என்று கூப்பிட்ட அம்மையார், போன ஞாயிற்றுக்கிழமை மாரடைப்பில் நம்மை விட்டுப் போய்விட்டார். அவரைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி? நான் நாளிதழ்ப் பிரிவுக்காரன். பெரியவர்கள் பேப்பருக்குச் சண்டை போட்டால் விலக்கிவிடுவது என் வேலை. நாளை முதல் அம்மையாரின் நாற்காலியில் என்னை உட்காரச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. அதைக் கையில் வாங்கியதிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

மாடியில் இருக்கும் அந்தச் சிறுமியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இன்னும் முன்பல் விழவில்லை. பத்து வயதுப் பிள்ளைகளின் புத்தகத்தைத் தங்குதடையில்லாமல் படித்துவிடுவாள். படிப்புக்கு வயது பத்து, மனசுக்கு வயது ஐந்து! இவளுக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது? வயதுக்கு ஏற்றது என்றால் பக்கத்துக்கு நாலு சொல்தான் இருக்கும். "இது பாப்பாக்களுக்கு" என்று தள்ளிவிடுவாள். படிப்புக்கு ஏற்றது என்றால் அதில் யாராவது தொலைகிறார்கள், யாராவது அடி வாங்குகிறார்கள், யாராவது சாகிறார்கள். அவள் அப்பா லிஃப்ட் மெக்கானிக். கதைதானே வம்பு, அறிவியல் கொடுப்போம் என்று படம் போட்ட விண்வெளிப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். சூரியன் ஒரு காலத்தில் அணைந்துபோகும் என்று அதில் ஒரு வரி. அவ்வளவுதான்! பிள்ளை அழுத அழுகையில் வீடே சாப்பிடவில்லை. மறுநாள் அவர் நம் அம்மையாரிடம் வந்து நின்றார்.

"மேடம், சூரியனுக்கெல்லாம் அழுதா நான் எங்கங்க போறது?"

"அழட்டுமே சார். நீங்களும் நானும் அழாம இருக்கோமே, அது மட்டும் ரொம்ப நல்லாவா இருக்கு?" என்றார் அம்மையார்.

அம்மையார் தவறே செய்யாதவரா? செய்தார்! அட்டையில் ஒரு மஞ்சள் வாத்து ஆடிக்கொண்டிருந்தது. அந்த அட்டையை நம்பி, உள்ளே புரட்டாமல், புத்தகத்தை அவள் கையில் கொடுத்துவிட்டார். கடைசி அத்தியாயத்தில் அந்த வாத்து என்ன ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சிறுமி திரும்பி வந்தாள். புத்தகத்தை மேசையில் வைத்தாள். முகத்தில் காய்ச்சல் வந்து போன சோர்வு.

"நீங்க இதைப் படிச்சீங்களா?"

"இல்ல கண்ணு."

"படிக்காமயா குடுத்தீங்க?"

இதைவிடப் பெரிய விசாரணைக் கமிஷன் உண்டா? அன்றிலிருந்து எந்தப் புத்தகம் வந்தாலும் அம்மையார் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திறந்தார். அங்கிருந்து பின்னோக்கிப் படித்துக்கொண்டே வருவார். ஒரு கை சாப்பாட்டு டப்பாவில் இருக்கும், இன்னொரு கை கடைசிப் பக்கத்தில் இருக்கும். பிள்ளைகள் வைத்த பெயர் அப்படி வந்ததுதான். தொடர்கதையாக இருந்து அடுத்த பாகம் நம்மிடம் இல்லாவிட்டால், என் மேசைக்கு வந்து தொலைபேசியை எடுத்துப் பதிப்பகத்துக்கே போட்டுவிடுவார்.

"சார், முதல் பாகத்துல ஆடு காணாமப் போகுது. ரெண்டாம் பாகத்துல திரும்பி வருமா?"

எதிர்முனையில் என்ன சொன்னார்களோ, அம்மையாருக்குக் கோபம் வந்துவிட்டது.

"கணக்குப் பிரிவுன்னா ஆட்டைப் பத்திக் கேக்கக் கூடாதா? பக்கத்துல கதை படிக்கிறவங்க யாராவது இருந்தா குடுங்க!"

சிரியுங்கள், தவறில்லை. மெதுவாகச் சிரியுங்கள். ஆடு திரும்பி வந்துவிடுகிறது என்று மறுநாள் பதில் வந்தது. காவலாளியிலிருந்து தலைமை நூலகர் வரை ஒருவர் பாக்கியில்லாமல் அம்மையார் அதைச் சொல்லிவிட்டு வந்தார்.

அப்படியென்றால் சாவே இல்லாத கதைகளாகப் பொறுக்கிக் கொடுத்தாரா? முதலில் அப்படித்தான் கொடுத்தார். ஒரு குடை தொலைந்து ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் கிடைத்துவிடும் கதை ஒன்று. நடுவில் யாரும் யாரையும் திட்டக்கூட மாட்டார்கள். அதை அவள் திரும்பத் திரும்ப வாங்கினாள். அதற்கப்புறம் அம்மையார் செய்ததைத்தான் நான் இன்றைக்கு நினைத்து நினைத்துக் கலங்குகிறேன். ஒரு புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இதுல ஒரு நாய் வருது. ரொம்ப நல்ல நாய். முடியிறதுக்குள்ள செத்துப்போயிடும். இப்பப் படிக்கிறியா, அப்புறமா?"

சிறுமி அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். "இப்ப வேண்டாம்."

"சரி. இங்கதான் இருக்கும், எங்கயும் போகாது."

ஒவ்வொரு வாரமும் அவள் அந்தப் புத்தகத்தைப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். எடுக்க மாட்டாள். அம்மையாரும் அவசரப்படுத்தவில்லை. எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "முடிவை முன்னாடியே சொல்லிட்டா கதையோட ருசி போயிடாதா மேடம்?" என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்!

"ருசி போனா போகுது சார். பிள்ளை தனியா உக்காந்திருக்கும்போது திடீர்னு தெரியக் கூடாது. தெரியும்போது பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும்."

நண்பர்களே, இப்போது நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? மூன்றாவது வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் அந்தச் சிறுமியின் அப்பா. கடைசிப் பக்கத்தம்மா எங்கே என்று மகள் கேட்டபோது, "ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நம்மில் யார் வேறு மாதிரி சொல்லியிருப்போம்? "அப்ப அவங்க வந்ததும் புக் எடுத்துக்கிறேன்" என்றாளாம் மகள். அன்றிலிருந்து எதையும் படிக்கவில்லை. பொட்டலம் கட்டிய காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிற பிள்ளை, காலி நாற்காலிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்!

இன்னொன்றும் செய்திருக்கிறோம். அம்மையார்மேல் இருக்கும் அன்பினால், கொட்டை எழுத்தில் இரங்கல் சுவரொட்டி அடித்து வாசலிலும் மாடிப்படியிலும் தெரு முனையிலும் ஒட்டியிருக்கிறோம். வேறு குழந்தை என்றால் படம் பார்த்துவிட்டுப் போய்விடும். இவள்? நடக்கிற நடையில் படித்துவிடுவாளே! இன்றைக்கு அப்பா, கண்ணாமூச்சி விளையாட்டு என்று சொல்லி, மகளின் கண்ணைப் பொத்திப் பின்வழியாக மேலே கூட்டிப்போயிருக்கிறார். எத்தனை நாள் பொத்துவார்? எத்தனை சுவருக்குப் பொத்துவார்? அவளுக்கு இதைச் சுவர் சொல்ல வேண்டுமா, நாம் சொல்ல வேண்டுமா?

இரங்கல் கூட்டம் என்றால் உறுதிமொழி எடுக்க வேண்டும். அம்மையார் பெயரில் அலமாரி வைக்கலாம் என்கிறீர்கள், வையுங்கள். என்னால் முடிந்தது சின்னது. கடைசிப் பக்கம்வரை நான் படிக்காத புத்தகம் எந்தப் பிள்ளையின் கைக்கும் போகாது. எனக்குத் தெரியாவிட்டால் கேட்டுச் சொல்வேன், கணக்குப் பிரிவையாவது கேட்டுச் சொல்வேன்! பிள்ளை கேட்டால் பொய் சொல்ல மாட்டேன்.

கூட்டம் தொடங்குமுன் வாசலில் அந்த அப்பாவிடம் பேசினேன். "என்னால முடியாது சார், நீங்களே சொல்லிடுங்க" என்றார். "ரெண்டு பேருமா போவோம்" என்றேன். தலையாட்டினார். என்ன வார்த்தை சொல்வது என்று காலையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் பாதியில் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறேன். அவள் என் முகத்தைப் பார்த்து "இப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? திரும்ப வாங்கி அலமாரியில் வைக்க இது புத்தகம் இல்லையே! எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை பேர் முன்னால் சொல்ல வெட்கமில்லை, பயமாகத்தான் இருக்கிறது.

இன்னும் பேச வேண்டியவர்கள் இருக்கிறார்கள். பேசுங்கள், அம்மையாரின் பெருமையைச் சொல்லுங்கள். மௌன அஞ்சலிக்கு எழுந்து நிற்கும்போது எங்கள் இருவரையும் தேடாதீர்கள்.

வாருங்கள் சார், மாடிக்குப் போகலாம்.