வேலையா, வேலைக்கு

நீங்கள் வரவழைத்த காபியில் சர்க்கரை கொஞ்சம் குறைவு. குறையாகச் சொல்லவில்லை, நாக்கு பழகிவிட்டது. அய்யம்பெருமாள் விஷயத்தைத்தானே கேட்கிறீர்கள், சொல்கிறேன். இருபத்தாறு வருடம் ரெவின்யூவில் இருந்தவன், விசாரணை என்றால் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

படித்துவிட்டு வேலையில்லாமல் இருப்பவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் ஓர் உதவித்தொகை கொடுக்கிறது. மனு போட்டவன் உண்மையிலேயே சும்மா இருக்கிறானா என்று வீட்டுக்குப் போய் விசாரித்து எழுத வேண்டியது ரெவின்யூ இன்ஸ்பெக்டரான என் பொறுப்பு. அய்யம்பெருமாள் மனுவோடு நேரே என்னிடம் வந்தான். பி.ஏ. படித்தவன். உட்காரச் சொல்வதற்கு முன்பே பெஞ்சில் உட்கார்ந்தான். அவன் அப்பன் அரியமுத்து எங்கள் வயலில் அறுப்பறுத்தவன். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலோடு நிற்பான். மகன் என் மேசையிலிருந்த படிவத்தைப் பார்த்துவிட்டு, "சார், இது பழைய பாரம். புதுசு வந்திருக்குங்க" என்றான். சொன்னது சரிதான். கிளார்க்குகள் சிரித்தார்கள். என் பையன் அதே வருடம் பி.யூ.சி.யில் மூன்றாம் முறையாகக் கோட்டைவிட்டிருந்தான். எனக்கு அய்யம்பெருமாளைப் பிடிக்கவில்லை. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

ஒரு வியாழக்கிழமை அவர்கள் ஊருக்குப் போனேன். கீழப்பழுவூரிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம். போகும் வழியில் அவனே அரியலூர் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்தேன். டவுன் நூலகத்தில் பேப்பரில் வரும் வேலை விளம்பரங்களைக் குறித்துக்கொள்ளப் போகிறான் என்பது ஊருக்கே தெரியும். வீட்டில் அவன் அம்மா குஞ்சம்மாள் மட்டும் இருந்தாள். கண்ணில் புரை விழுந்த கிழவி. மகன் எங்கே என்று கேட்டேன்.

"வேலையாப் போயிருக்கான் சாமி. பொழுது சாய வந்துருவான்."

வேலையாகப் போவது என்றால் ஏதோ ஒரு காரியமாக வெளியே போயிருப்பது. இது எனக்குத் தெரியாததல்ல. நான், "மனுதாரர் வேலைக்குப் போயிருப்பதாகத் தாயார் தெரிவித்தார்" என்று எழுதி, அவளிடம் கைநாட்டும் வாங்கிக்கொண்டேன். அவள் என்னை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். குடித்தேன்.

மனு தள்ளுபடியானது. பையன் சும்மா விடவில்லை, மேலே அப்பீல் போட்டான். அப்பீல் எங்கே போனாலும் குறிப்புரைக்கு என்று கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். யார்மேல் புகாரோ அவரையே கேட்பது நம் நடைமுறை. அதை நான் ஏற்படுத்தவில்லை. நல்ல தமிழில் எழுதியிருந்தான். "என் தாய் சொன்னது வேலையா, எழுதப்பட்டது வேலைக்கு." தனக்கு இளைப்பு உண்டு, பக்கத்தில் கிடைப்பது சுண்ணாம்புக்கல் குழி வேலை ஒன்றுதான், அந்தத் தூசி தன் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாது என்றும் எழுதியிருந்தான். இரண்டு முறை படித்தேன். கைநாட்டே சாட்சி என்று குறிப்புரை எழுதி அனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து அவன் மறுபடி வந்தான். இந்த முறை நின்றுகொண்டே கேட்டான்.

"அப்பீல் என்னாச்சுங்க சார்?"

"அதெல்லாம் தள்ளிட்டாங்கப்பா. இதையே நம்பிக்கிட்டு எத்தினி நாளைக்கு உக்காந்திருப்பே? குழியில மேஸ்திரி சிங்காரவேலு நமக்கு வேண்டியவரு. நான் சொன்னதா சொல்லு, எடுத்துக்குவாரு."

"எனக்கு இளைப்பு இருக்குங்க சார்."

"எல்லாருக்கும்தான் இருக்கு."

கையிலிருந்த அப்பீல் நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிறகு, "சரிங்கய்யா" என்றான். சார் போய் ஐயா வந்தது அன்றைக்குத்தான். மனதுக்கு நிறைவாக இருந்தது. என் கையாலேயே சிங்காரவேலுவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். வேறு எந்த அதிகாரி இவ்வளவு செய்வார்?

நான்காம் மாதம் குழியிலேயே மூச்சுத் திணறி விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் போய்விட்டது.

என்னை மாற்றிய பிறகு என் மேசைக்கு வந்தவர் இழுப்பறையைத் துப்புரவு செய்திருக்கிறார். அடியில் விரித்திருந்த பழைய பேப்பருக்குக் கீழே அந்தக் காகிதம் இருந்தது. ஆமாம், நான்தான் வைத்தேன். "அப்பீல் ஏற்கப்பட்டது. உதவித்தொகை வழங்கலாம். மனுதாரருக்கு உடனே தெரிவிக்கவும்." அவன் நின்றுகொண்டு கேட்டானே, அதற்கு ஐந்து நாள் முன்பே அது வந்துவிட்டது. அவன் கேட்டபோது என் முழங்கைக்கு நேர் கீழே இருந்தது.

இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். மாற்றலாவதற்கு முன்பு, வாரிசுச் சான்று விசாரணைக்காக அந்த வீட்டுக்கு மறுபடி போனேன். கிழவிக்கு அதற்குள் சுத்தமாகக் கண் தெரியவில்லை. யார் என்று கேட்டாள். ஆபீசிலிருந்து வருகிறேன், மகன் விஷயமாக என்றேன்.

"வேலைக்குப் போனான் சாமி. வரவே இல்ல" என்றாள்.

வேலைக்கு. அவள் வாயாலேயே சொன்னாள். ஆகவே என் முதல் அறிக்கையில் பிழை ஏதும் இல்லை என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.