முடியாததும் தவறும் ஒரே நிறமா?

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் நிரலாளர் சங்கத் தலைவர் அவர்களே! விரல் தேய விசைப்பலகையோடு வாழ்ந்து ஓய்வுபெற்ற மூத்தோர்களே! மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், "ஏதோ கம்ப்யூட்டர்ல தட்டுறா" என்று தலைநிமிர்ந்து சொல்லும் தாய்மார்களே! இடம் கிடைக்காமல் கதவோரம் நிற்கும் தோழர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்த ஆண்டின் சிறந்த கருவி என்று என் கருவிக்கு விருது தந்திருக்கிறீர்கள். அது என்ன கருவி? தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கறுப்புத் திரை. நாம் ஒரு வரி தட்டினால் கணினி ஒரு வரி பதில் சொல்லும். அதை ஷெல் என்போம். நாம் பாதி தட்டும்போதே மீதியை ஊகித்து எழுதுவதும், எழுதியதற்கு நிறம் தீட்டுவதும் என் கருவியின் வேலை. கட்டளை சரியென்றால் பச்சை. தவறென்றால் சிவப்பு.

இதைச் செதுக்கும்போது எனக்கு உறுதுணையாக நின்றவர்...

அடடா! ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்குள் மூன்றாவது வரிசை "கணவர்!" என்று முடித்துவிட்டதே! நான் சொல்ல வந்தது அலுவலகத்தில் என் எதிர்மேசைக்காரியை. ஆனால் நீங்கள் சொன்னவரைப் பற்றிப் பேசாமலும் இன்று என்னால் இறங்க முடியாது.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கை தடுமாறி யாரும் பார்த்ததில்லை. பேச்சு மட்டும் திக்கும், முதல் எழுத்திலேயே நின்றுவிடும். துணிக்கடையில் "ப... ப..." என்பார். நான் விடுவேனா? "பழுப்பு!" என்பேன். வங்கியில் முடித்தேன், விருந்தில் முடித்தேன், மருத்துவரிடம் அவருடைய வலியைக்கூட நானே முடித்தேன். அதை அன்பு என்றே நினைத்தேன். அவசரம் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகள் அவர் பழுப்புச் சட்டை போட்டார். பிறகு பேச்சைத் தொடங்குவதையே குறைத்துக்கொண்டார். பிறகு, தானாகவே கேட்டு, வேறு ஊருக்கு மாற்றல் வாங்கினார். ஏன் என்று கேட்டேன். "வே... வே..." என்றார். "வேலைதானே, போயிட்டு வாங்க" என்றேன்.

வீடு பெரிதாகிவிட்டது. இரண்டு அறை வீடு எப்படிப் பெரிதாகும் என்கிறீர்களா? சாப்பிட்டு எழுந்து ஒரே ஒரு தட்டைக் கழுவிப் பாருங்கள், தெரியும்.

அந்த நாட்களில்தான் கருவியைச் சோதித்துப் பார்க்க எதிர்மேசைக்காரியிடம் கொடுத்தேன். ஐந்தே நிமிடத்தில் கத்தினாள்.

"என்னக்கா இது, மாமியார் மாதிரி! வாயைத் திறக்கும்போதே சிவப்புல திட்டுது!"

"தப்பா அடிச்சிருப்படி."

"தப்பா அடிக்கல. இன்னும் அடிச்சே முடிக்கல! முடிக்காததும் தப்பும் ஒண்ணாக்கா? நான் பாதியில இருக்கும்போதே அதுவா முடிச்சும் வெச்சிடுது. நான் என்ன அடிக்க வந்தேன்னே மறந்துபோகுது."

சிரியுங்கள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். திரையில் பாதிச் சொல் ஒன்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அதில் என்ன தவறு? எழுத்தில் தவறா? எண்ணத்தில் தவறா? ஒரு தவறும் இல்லை. அது இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான். முடியாததற்கும் தவறானதற்கும் ஒரே நிறம் தீட்டியவள் யார்? நான்தான்! திரையில் மட்டுமா தீட்டினேன்?

ஒரு வாரம் உட்கார்ந்து மாற்றினேன். பாதிச் சொல்லுக்கு இனி சிவப்பு இல்லை. ஊகம் மங்கிய சாம்பல் நிறத்தில் ஓரமாகக் காத்திருக்கும். விசையைத் தட்டி அழைத்தால் வரும். நீங்கள் பாட்டுக்கு வேறு எழுத்தைத் தட்டினால், சத்தமில்லாமல் ஒதுங்கிவிடும். நீங்கள் விருது தந்தது இந்த ஒதுங்கலுக்குத்தான்.

மாற்றி முடித்த மறுநாள் அவர் இருக்கும் ஊருக்குப் போனேன். நான்காவது மாடியில், லிஃப்ட்டை ஒட்டிய அறை. சன்னல் கொடியில் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. நான்கும் பச்சை.

"எப்ப வீட்டுக்கு வரீங்க?" என்று கேட்டேன்.

"நா... நா..." என்றார்.

நாளைக்கு, நாலு நாளில், நானே சொல்றேன். என் நாக்கு நுனியில் ஒரு பட்டியலே நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன். சுவருக்கு அப்பால் லிஃப்ட் மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் எப்போது முடிப்பேன் என்று. நான் முடிக்கவில்லை.

"நான்... வ... வரல. இங்க இ... இருக்கவங்க நான் சொல்லி முடிக்கிறவரை காத்திருக்காங்க."

என் பட்டியலில் இல்லாத வாக்கியம். அதைச் சொல்லி முடித்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. ஒரு வாக்கியத்தின் முடிவில் அவர் முகம் எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன், என்னைப் பிரியும் வாக்கியத்தில்.

முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதே, ஏன் என்று தலைவர் கேட்டார். என் கணவருக்கு அழைப்பிதழ் அனுப்பியிருந்தேன். பதில் வரவில்லை. வராத பதிலுக்கு நான் எந்த நிறமும் தீட்டப்போவதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒருவர் பாதியில் நிற்பார். பிள்ளையாக இருக்கலாம், பெற்றவராக இருக்கலாம், பக்கத்தில் படுத்திருப்பவராக இருக்கலாம். உங்களுக்கு விடை தெரிந்திருக்கும். தெரிந்தாலும் பொறுங்கள்! தெரிகிறது என்பதற்காகவே பொறுங்கள்!

நிறைவாக, இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த உங்கள் எல்லோருக்கும் என்...

...

மூன்றாவது வரிசைகூட முடிக்கவில்லையே!

இந்த அமைதிக்கு என் நன்றி. வணக்கம்.