மணிக்குப் பத்து நிமிஷம்

— அப்போ கம்ப்யூட்டர் கடிகாரம்தான் தப்பு, நான் இல்லன்னு சொல்ல வந்திருக்கே.

— ஆமாக்கா.

— முதல்ல உக்காரு வோல்ட்டு தம்பி. அந்தத் துணியத் தள்ளிக்கோ. எல்லாம் ஸ்கூல் யூனிஃபார்ம். இப்போ தையல்தான் பொழப்பு.

— நிக்கறேன்க்கா. உக்காந்தா சொல்ல வராது.

— சரி, எனக்குப் புரியற மாதிரி சொல்லு. கம்பெனில அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குன்னு நீதானே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வெச்சே? நாள் பூரா உறுமிக்கிட்டே கெடக்குமே.

— அது வோல்டேஜ மட்டும்தான் கொறைக்கும்க்கா. மெஷின் வந்த ஊர்ல நூத்திப்பத்து, இங்க இருநூத்திமுப்பது. நேரா சொருகினா எரிஞ்சுடுமேன்னு அத மட்டும் பாத்துப் பாத்து செஞ்சேன். ஆனா அங்க கரண்ட்டு செகண்டுக்கு அறுபது தடவ துடிக்கும். இங்க அம்பதுதான். அதை டிரான்ஸ்ஃபார்மர் மாத்தாது.

— துடிச்சா துடிச்சுட்டுப் போகட்டுமே.

— அந்தக் காலத்து மெஷின்க்கா. அந்தத் துடிப்ப எண்ணித்தான் நேரம் பாக்கும். அறுபது எண்ணினாதான் ஒரு செகண்டு ஆச்சுன்னு நெனைக்கும். மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கிடும்.

— பத்து நிமிஷமா?

— நீங்க மணிக்கொரு தடவ சரியாத்தான் மாத்திரை காயவெக்கற அடுப்போட சூட்டப் பாத்துப் பதிஞ்சிருக்கீங்க. அது அம்பது நிமிஷத்துக்கு ஒண்ணுன்னு எழுதியிருக்கு. காலைல எட்டு மணிக்கு நேரம் வெச்சா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு நீங்க போட்ட கடைசிப் பதிவு மூணரைன்னு தாள்ல வரும்.

— மூணரை. அந்தத் தாளத்தான் மேனேஜர் என் மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு. 'மூணரைக்கே பத்துப் பதிவையும் அமுக்கிட்டுக் கெளம்பிடுவியா, ஜனங்க முழுங்கற மாத்திரைம்மா'ன்னு. பின்பக்கத்து ரூம்ல நான் ஒத்த ஆளு. அஞ்சு வரைக்கும் இருந்தேன்னு சொல்ல ஒரு ஈ காக்கா கெடையாது.

— தெரியும்க்கா.

— போகப் போக எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கண்ணு அசந்துட்டேனோ, முள்ள மாத்திப் பாத்துட்டேனோன்னு. பதினோரு வருஷ வேலை போச்சு. வீட்டுக்காரர்கிட்ட, முழங்கால் வலி, நானே நின்னுட்டேன்னு சொன்னேன். பொண்ணுகிட்டயும் அதேதான். அன்னிலேர்ந்து வீட்டுக்குள்ள நொண்டி நொண்டி நடக்கறேன்.

— அக்கா...

— நீ என்னப்பா, பெர்மனெண்ட் ஆயிட்டியா?

— ஆயிட்டேன்க்கா. உங்கள அனுப்பின அந்த வாரமே.

— நல்லாயிரு. மேனேஜர்கிட்ட இந்த விஷயத்தச் சொன்னியா?

— காலைல எழுதியே குடுத்துட்டேன். உங்க எடத்துக்கு வந்த பொண்ணையும் நேத்து அதே மாதிரி தாளக் காட்டி அழ வெச்சாங்க. அதுக்கு மேல என்னால முடியல.

— அந்தப் பொண்ணாவது தப்பிச்சாளே. என்ன இப்படி வேர்க்குது உனக்கு? தண்ணி குடி.

— விசாரணை அன்னிக்கு, மெஷின் சரியா ஓடுதான்னு மேனேஜர் என்னைக் கேட்டாருக்கா.

— தெரியும். வெளிய பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். 'மெஷின் பொய் சொல்லாது சார்'னு சொன்னே. காதுல விழுந்துச்சு.

— திட்டுங்கக்கா. ரெண்டு அறை கூட விடுங்க.

— எதுக்கு? எந்த ஊர்லயோ கெடந்த மெஷின். அது துடிப்ப எண்ணுதா தூசிய எண்ணுதான்னு யாரு கண்டா? தெரியாமச் சொன்னதுக்கு உன்னை என்னன்னு திட்டறது? ஏழு மாசத்துல அங்கேர்ந்து இந்தப் படி ஏறி வந்த ஒரே ஆளு நீ. எனக்கு அதுவே போதும்.

— இல்லக்கா.

— இரு, அவரு காதுல போட்டுடறேன். என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன். எங்க கம்பெனி எலக்ட்ரீஷியன் தம்பி வந்திருக்கு. உங்ககிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன், இப்போ தைரியமாச் சொல்லலாம்.

— அவரைக் கூப்பிடாதீங்கக்கா.

— ஏன், அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. தெரியாம நடந்ததுதானே.

— விசாரணைக்கு மொத நாளே மெஷின் நேரத்த என் வாட்ச்சோட வெச்சுப் பாத்துட்டேன்க்கா.