ஈசானி மூலையில் தம்பி

காலாப்பட்டில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். பஸ் புதுச்சேரிப் பக்கம் திரும்பியதுமே அவர்களில் மூத்தவர் சொன்னார்:

“என் தம்பி இளைச்சதுலேர்ந்து சமையல்ரூம் கதவு சாத்த மாட்டேங்குதுடி.”

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“அவன் இளைச்சா கதவுக்கு என்னக்கா?”

“எங்க மனை குட்டையத் தூத்த எடமாச்சே. பாரத்தையெல்லாம் கன்னி மூலைல வைக்கச் சொன்னாரு வாஸ்துக்காரரு. பீரோ, கிரைண்டர், அரிசி மூட்டைன்னு எல்லாத்தையும் அடுக்கினோம். அந்த மூலை அப்படியே எறங்கி, வீடு சாஞ்சு, கதவு சாத்தாமப் போயிடுச்சு.”

“தூக்கி எதிர் மூலைல வைக்க வேண்டியதுதானே?”

“இன்ஜினியரும் அதத்தான் சொன்னாரு. ஈசானி மூலைல சாமான் வெச்சா குடும்பத்துக்கே ஆகாதுன்னுட்டாரு வாஸ்துக்காரரு. ஆனா ஆளுங்க இருக்கலாமாம். அதான் தம்பிக்கு அங்க கட்டில் போட்டோம். நூத்திப் பத்து கிலோ! மூணே மாசத்துல வீடு நேராகி, கதவு ஜம்முனு சாத்திக்கிச்சு.”

“அப்புறம்?”

“சுகர் வந்துடுச்சு. டாக்டர் சோத்தக் கொறைக்கச் சொல்லி, இருபது கிலோ போயிடுச்சு.”

“ஒடம்புக்கு நல்லதுதானே.”

“வேணாங்கல. கொஞ்சம் மெதுவா இளைக்க வைங்கன்னு கேக்கத்தான் இப்ப ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

இளையவர் பஸ்ஸுக்குள் முன்னும் பின்னும் தேடினார்.

“தம்பி எங்கக்கா?”

“அவன எப்படிடி கூட்டியாறது? வீட்டுல பாரத்துக்கு வேற யாரு இருக்கா?”