மஞ்சள் வீட்டுக்குத் தெற்கே

"மஞ்சள் வீட்டுக்கு வடக்கதான் சார் வலை போட்டேன்! என் பொண்ணு மேல சத்தியம்!"

"எந்த மஞ்சள் வீடுய்யா? இது நீலம். கண்ணு தெரியுதா இல்லையா?"

வலைக்காரரும் ரோந்து அதிகாரியும் என் வாசலில் இப்படிக் கத்திக்கொண்டிருந்தபோது நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அடுத்தவர் விவகாரத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஜன்னலை மட்டும் இன்னும் கொஞ்சம் திறந்து வைத்தேன்.

எங்கள் கரைக்கு எதிரே, மீன்கள் முட்டையிடும் கடற்புல் படுகையில் வலை வீசத் தடை. எல்லைக்குப் போட்ட மிதவைகளைப் புயல் அள்ளிக்கொண்டு போய்விடும். "அக்காவோட மஞ்சள் வீடு கடல்லேருந்து பளிச்சுன்னு தெரியுது. அதுக்குத் தெற்கே யாரும் வலை போடக் கூடாதுன்னு வெச்சுக்கலாம்" என்று கூட்டத்தில் சொன்னவர் இதே வலைக்காரர்தான். அப்படியே பலகை நட்டார்கள். நாலே வருடத்தில் மீன் பெருகியது, கடல்குதிரைகூட வந்தது. அவருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். வீடு என்னுடையது, பத்திரம் அவருக்கு. நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

மகளின் பிரசவத்துக்காக அவர் வெளியூர் போயிருந்தபோது என் வீட்டுக்கு நீலம் அடித்தேன். மிச்ச மஞ்சளை, தெற்கே நாலாவது வீட்டுத் தையல்காரிக்குச் சும்மாவே கொடுத்தேன். மிச்சமென்றால் மூன்று டப்பா, புதிதாக வாங்கியது.

"எதுக்குக்கா இவ்வளவு?"

"கடலைப் பார்த்த சுவருக்கு அடிடி. லட்சணமா இருக்கும்."

மற்ற படகுக்காரர்களிடம் எல்லை பழைய இடம்தான் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். இவரிடம் சொல்ல மறந்துவிட்டது. திரும்பி வந்தவர் விடிந்தும் விடியாமலும் படகெடுத்தார். அவருக்குக் கண் மங்கல்; தூரத்திலிருந்து வீடு தெரியாது, நிறம்தான் தெரியும். "நல்லாப் போயிட்டு வாங்க" என்று கையசைத்தேன்.

வலையில் மீனைவிட முட்டையும் வேரோடு வந்த புல்லும்தான் அதிகமாம். கேட்கவே சங்கடமாக இருந்தது.

உரிமம் போனதும் வலைக்காரர் படகை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். மஞ்சள் சுவரைப் பற்றி விசாரிக்க வந்த அதே ரோந்து அதிகாரி, விசாரித்து விசாரித்தே தையல்காரியைக் கல்யாணம் செய்துகொண்டு மாற்றலாகிப் போனார். அவள் சுவருக்கு இப்போது வெள்ளை. நான் என் வீட்டுக்கு மறுபடி மஞ்சள் அடித்தேன். எல்லையை மீட்டுக் கொடுத்ததற்காக எனக்கும் ஒரு பத்திரம் வந்தது.

கடல்குதிரைகள்தான் இன்னும் திரும்பவில்லை. அவற்றுக்கு யார்மேல் என்ன கோபமோ.