பதினோரு முறை ஓடிய தாய்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! மன்னிக்க வேண்டும், சற்று முன் இதே சொல்லைச் சொல்லி, நாற்காலி அடுக்க வந்த ஐயாவின் கையைக் குலுக்கிவிட்டேன். அவரும் மறுக்கவில்லை. இப்போது உண்மையான தலைவர், அம்மையார் வில்மா அவர்களே! லாஸ் ஏஞ்சலஸ் ஹங்கேரியர் சங்கத்துப் பெரியோர்களே! கசகசா ரொட்டி சுட்டு வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம்.

நான் ஆறாம் வகுப்பு வரைதான் படித்தவன். ஸ்டூடியோவில் படச்சுருளைக் கத்தரித்து ஒட்டுபவன். பெரிய மனிதர்களின் பேச்சைப் பாதியில் நிறுத்தியே பிழைப்பவன். என்னைத்தான் மறைந்த நம் கதாசிரியர் ஹால்மோஷ் ரெஜோவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள்!

எழுதினார், எழுதினார், இருபது ஆண்டுகள் எழுதினார். நாலு சொல் ஆங்கிலத்தோடு வந்திறங்கியவரின் வசனத்தை நாடே பேசியது. ஆனால் பதினோரு படங்களில் அவர் எழுதிய ஒரு காட்சியை எந்தக் கொட்டகையும் கண்டதில்லை. ரயில் நகர்கிறது. தாய் ஓடி வருகிறாள். ஜன்னலை எட்டி, மகன் கையில் ஒரு பொட்டலம் வைக்கிறாள். வசனமே இல்லை. குதிரைப் படமா? வண்டிக்குப் பின்னால் அந்தத் தாய். கடற்கொள்ளைப் படமா? துறைமுகத்தில் அந்தத் தாய். சிரிக்கிறீர்கள், நானும் சிரித்தேன்.

"கொள்ளைக்காரனுக்கு எதுக்குண்ணே அம்மா?" என்றேன்.

"அவன் மட்டும் மரத்துலயாடா காய்ச்சான்? பேசாம ஒட்டு."

ஒட்டினேன். அழுகை விலைபோகாது என்று தயாரிப்பாளர் சொன்னதும் வெட்டினேன். யார் கை? இந்தக் கை! முன்வரிசையில் யாரோ 'சீக்கிரம்' என்கிறார், ரொட்டி ஆறுகிறதாம். பொறுங்கள் ஐயா, முக்கியமானது இனிமேல்தான்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் சொன்னார். புடாபெஸ்டிலிருந்து கிளம்பிய அன்று தாயோடு சண்டையாம். வழியனுப்ப வரவே கூடாது என்று கத்திவிட்டு வந்தாராம். அவளோ சுட்ட ரொட்டியோடு ரயிலடிக்கு ஓடியிருக்கிறாள். இவர் பெட்டியின் மறுபக்கம் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரியின் கடிதத்தில்தான் விஷயமே தெரிந்தது. போர் வந்தது, தாய் போனாள். தான் திரும்பிப் பார்க்காத அந்த முகத்தை ஊரெல்லாம் ஒருமுறை பார்க்காதா என்று ஏங்கினார். அதற்காக எழுதினார், அடித்து எழுதினார், அழுது எழுதினார்!

கடைசிப் படத்தை முதன்முதலாகத் திரையிட்டுப் பார்த்த அன்று புது டை கட்டி வந்தார். படத்தில் அந்தத் தாய் இல்லை. விளக்கு எரிந்ததும் என் தோளைப் பிடித்தார்.

"விடுடா ஏர்னோ. அடுத்த படத்துல விமானம் வச்சுக்கலாம். அவ ஓடுவா."

அடுத்த படம் வரவில்லை. அவர் நெஞ்சு நின்றுவிட்டது.

பிள்ளைகளே! கோபித்துக்கொள்ளுங்கள், குற்றமில்லை. ஆனால் வண்டி ஏறினால் ஜன்னலோரம் உட்காருங்கள். திரும்பிப் பாருங்கள். ஒருத்தி ஓடி வருவாள்! இவ்வளவு நேரம் என்னை வெட்டாமல் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.

கைதட்டினார்கள். மேடையில் ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை. அந்தக் கடைசிப் படத்தில் தயாரிப்பாளர் எந்தக் காட்சியையும் குறிப்பிடவில்லை. மூன்று நிமிடம் குறைத்தால் போதும், எதை எடுப்பதென்பது என் இஷ்டம் என்றார். என் மேசையில் ரயிலடிக் காட்சியும் இருந்தது, ஒரு நடனமும் இருந்தது. நடனத்தில் பின்வரிசையில், இடமிருந்து நான்காவதாக, என் மகள் ஆடிக்கொண்டிருந்தாள்.